கத்தி தீட்டும்போது கோணம் மாறக்கூடாது
வீட்டுச் சமையலறைக்கும் தோட்ட வேலைக்கும் ஒரு பாதுகாப்புப் பாடம்

கையை வெட்டிக்கொண்டு கிளினிக்கிற்கு வருகிறவரிடம், "கத்தி நல்ல கூரா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை, மொட்டைக் கத்திதான்" என்ற பதில் வந்தால் வியப்படைய வேண்டாம். கூரான கத்தி ஆபத்தானது, மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டுமென்றே கத்தியைத் தீட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

ஒரு தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். கூரான கத்தி அதன் தோலில் பட்டதும் இறங்கிவிடும். மழுங்கிய கத்தி தோலில் வழுக்கும். நீங்கள் அழுத்துவீர்கள். இன்னும் அழுத்துவீர்கள். ஒரு கணத்தில் கத்தி பக்கவாட்டில் சறுக்கும். அந்த நேரத்தில் உங்கள் கையிலிருக்கும் பலம் முழுவதும் அதன்மேல் இருக்கும். அது போய் நிற்கும் இடம் தக்காளியைப் பிடித்திருக்கும் இடது கையின் விரல். வெங்காயம், பரங்கிக்காய், கருணைக்கிழங்கு எதுவானாலும் கதை இதுதான். மழுங்கிய கத்தி தோலைக் கிழிக்காது என்று எண்ண வேண்டாம். மனிதத் தோல் தக்காளித் தோலைப்போல் வழுவழுப்பானதும் அல்ல, அதன்கீழ் எலும்பு வேறு தடுத்து நிற்கிறது. காயம் ஆழமாகவும் ஓரம் நைந்தும் இருக்கும். தையல் போடுவதும் கடினம்.

ஆகவே கத்தியைக் கூராக வைத்திருப்பதும் காயத் தடுப்பில் ஒரு பகுதிதான். ஆனால் வீட்டில் தீட்டிப் பார்த்தவர்கள் பலர், "அரை மணி நேரம் தேய்த்தேன், கூர் ஏறவில்லை" என்று கல்லைத் தூக்கி மூலையில் போட்டுவிடுகிறார்கள். கல் மோசம், கத்தி மோசம் என்கிறார்கள். பெரும்பாலும் இரண்டிலும் குற்றம் இல்லை. தேய்க்கும்போது கத்தியின் சாய்வு ஒவ்வோர் இழுப்பிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதை மாறாமல் வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பால்மரத்தில் படித்த பாடம்

பேராக்கில் இது புதிய கல்வி அல்ல. 1877-ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த சில பத்தாண்டுகளில் ரப்பர்த் தோட்டங்கள் மாநிலமெங்கும் பரவின. அந்தத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன்னே பால் வெட்டப் போனார்கள். காலைக் குளிரில்தான் மரத்தினுள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக வடியும். அதனால் கத்தியைத் தீட்டுகிற வேலையை முதல் நாளே, லயத்து வாசலில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

பால் வெட்டுவது வெறும் பலத்தால் ஆகிற வேலை அல்ல என்பதை அந்தத் தலைமுறையினரிடம் கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் சீவுகிற பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருந்தால் போதும். பாற்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் அடர்த்தியாக இருக்கின்றன. ஆகவே ஆழமாகப் போக வேண்டும். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் மரம் முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அங்கே வெட்ட முடியாது. வெட்டின் கோடும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஒட்டுக்கட்டிய மரங்களில் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். பாற்குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இந்தப் பக்கச் சாய்வு அதிகக் குழாய்களை வெட்டும்.

கூர் மழுங்கினால் பட்டை சீவப்படாது, நசுங்கும். நசுங்கினால் குழாய் வாய்கள் அடைபட்டுப் பால் குறையும். பால் குறைகிறதே என்று கையை அழுத்தினால் கத்தி கட்டை வரை இறங்கி மரத்திற்குக் காயம் உண்டாகும். அங்கே மரம், இங்கே விரல். மழுங்கிய கத்தி, கூடுதல் அழுத்தம், காயம் என்ற வரிசை மட்டும் மாறவில்லை.

அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகிவிட்டன, சில தாமான்களாகிவிட்டன. பால் வெட்டும் கத்தி பழைய பெட்டியில் துருப்பிடித்துக் கிடக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் பால் வெட்டிய ஒரு பெரியவர் இருந்தால், அவரை ஒரு சமையல் கத்தியைத் தீட்டச் சொல்லி, கத்தியைப் பார்க்காமல் அவருடைய மணிக்கட்டை மட்டும் பாருங்கள். அது அசையாது. முழங்கையும் தோளும்தான் போய்வரும். இந்தத் தாளில் எழுதியிருப்பதைவிட அதைப் பார்ப்பது விரைவில் புரியும்.

கோணம் மாறினால் என்ன ஆகிறது?

முதலில் சில சொற்கள். கத்தியின் வெட்டும் ஓரத்தைக் கூர் என்போம். தடித்த மேற்பக்கம் முதுகு. கூருக்கு இரு பக்கமும் கல்லில் தேய்ந்து உண்டாகும் குறுகிய பட்டைக்குச் சரிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அது மெல்லிய கோடாக மின்னுவது தெரியும்.

இரண்டு சரிவுகளும் ஒரே கோட்டில் சந்தித்தால் கூர் பிறக்கிறது. நீங்கள் முதுகைத் தாழ்த்தித் தேய்த்தால் சரிவின் மேல்பகுதி மட்டும் தேயும். கல் கூரைத் தொடாது. எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கத்தி பளபளக்குமே தவிர வெட்டாது. முதுகை அதிகமாகத் தூக்கினால், உண்டாகிவந்த கூரைக் கல் தட்டிவிடும். பத்து இழுப்பில் ஒன்பது 15 பாகையில் போய், பத்தாவது 30 பாகையில் போனது என்று வையுங்கள். அந்த ஒன்று முந்தைய ஒன்பதின் பலனையும் எடுத்துக்கொண்டு போய்விடும். தாழ்ந்தும் உயர்ந்தும் மாறி மாறிப் போனால் சரிவு தட்டையாக இல்லாமல் உருண்டுவிடும். உருண்ட கூர் தொடுவதற்குக் கூராக இருப்பதுபோல் தோன்றும், தக்காளியில் வழுக்கும். ஆபத்து அதிகமுள்ள கத்தி இதுதான், ஏனென்றால் நீங்கள் அதை நம்பி அழுத்துகிறீர்கள்.

எத்தனை பாகை என்ற எண்ணைவிட அதை மாற்றாமல் வைத்திருப்பதே முக்கியம். தொடக்கம் முதல் முடிவு வரை 18 பாகையில் தீட்டிய கத்தி, 12-க்கும் 25-க்கும் இடையில் ஆடிய கத்தியைவிட எவ்வளவோ நன்றாக வெட்டும். கையால் தீட்டும்போது ஓரிரு பாகை ஆடத்தான் செய்யும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அளவுகோல் இல்லாமல் அளப்பது

பொதுவாக மெல்லிய சமையல் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 பாகை, சற்றுத் தடித்த வீட்டுக் கத்திக்கு 20 பாகை. எலும்பு வெட்டும் கனத்த கத்திக்கு 25 முதல் 30 வரை வேண்டும். அதற்குக் கீழே போனால் கூர் மடங்கிவிடும், உடைந்த துண்டு கறியில் போகவும் கூடும்.

15 பாகை என்பது எவ்வளவு என்று கண்ணால் அறிய ஒரு தாள் போதும். தாளின் மூலை 90 பாகை. மூலையை ஓரத்தோடு ஓரம் சேர மடித்தால் 45. மறுபடியும் அப்படியே மடித்தால் இருபத்திரண்டரை. கல்லின்மேல் அந்தத் தாள் மடிப்பை நிறுத்தி, கத்தியை அதைவிடச் சற்றுத் தாழ்வாகச் சாய்த்தால் 20 பாகையை ஒட்டி இருக்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கத்தியைக் கல்லின்மேல் படுக்க வையுங்கள். கூர் கல்லைத் தொட்டபடி இருக்க, முதுகை மட்டும் தூக்குங்கள். முதுகு எழும்பிய உயரம் கத்தியின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு என்றால் அது ஏறக்குறைய 15 பாகை. மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 20 பாகை. உங்கள் கத்தி கூரிலிருந்து முதுகு வரை 48 மில்லிமீட்டர் அகலம் என்றால், 15 பாகைக்கு 12 மில்லிமீட்டரும் 20 பாகைக்கு 16 மில்லிமீட்டரும் தூக்க வேண்டும். பழம் நறுக்கும் சிறு கத்தி 20 மில்லிமீட்டர்தான் அகலம் என்றால் 5 மில்லிமீட்டரே போதும். சிறு கத்தியைப் பெரிய கத்தி அளவுக்குத் தூக்குவது பலரும் செய்கிற தவறு.

சில்லறைக் காசுகளை அந்த உயரம் வரும்வரை அடுக்கி, செலோட்டேப் சுற்றிவிடுங்கள். தீட்டத் தொடங்குமுன் அந்த அடுக்கைக் கல்லின் ஓரத்தில் வைத்து, முதுகை அதன்மேல் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணை மூடி, மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று உணருங்கள். பிறகு காசை எடுத்துவிட்டு அதே நிலையில் இழுக்கத் தொடங்குங்கள். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, காசை வைத்துச் சரிபாருங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால் காசு தேவைப்படாது.

கல்லும் நிற்கும் இடமும்

பணம் கொடுத்து விலையுயர்ந்த கல் வாங்க வேண்டும் என்றில்லை. இரும்புக் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நுண்மையுமாகக் கிடைக்கும் சாதாரண சாணைக்கல் வீட்டுக்குப் போதும். எண் பார்த்து வாங்குவதானால் 400-ஐ ஒட்டிய கல் மிகவும் மழுங்கிய கத்திக்கு. 1000 வழக்கமான தீட்டலுக்கு. நடுவில் குழி விழுந்த கல் வேண்டாம். குழியில் கத்தி ஏறி இறங்கும்போது உங்கள் கை அசையாவிட்டாலும் கோணம் மாறிவிடும்.

கல்லை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கத்தியைத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். அப்போது கல்லும் ஆடுகிறது, கத்தியும் ஆடுகிறது. கல்லைப் பிடித்த விரல்கள் கூரின் பாதையிலேயே இருக்கின்றன. கழுவு தொட்டியின் விளிம்பும் வேண்டாம். ஈரத் துணியை நான்காக மடித்து மேசைமேல் விரித்து, அதன்மேல் பலகை, பலகையின்மேல் இன்னோர் ஈரத்துணி, அதன்மேல் கல். கையால் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. மேசை உங்கள் இடுப்புவாரின் உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது. ஒரு காலைச் சற்று முன்வைத்து நின்றுகொண்டு தீட்டுங்கள். உட்கார்ந்தால் முழங்கை மடங்கி, மணிக்கட்டு வேலை செய்யத் தொடங்கிவிடும்.

வெளிச்சம் முக்கியம். படிக்கக் கண்ணாடி போடுகிறவர் தீட்டவும் கண்ணாடி போட வேண்டும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் வேண்டாம். பிள்ளைகள் ஓடிவந்து இடிக்கிற இடத்திலும் வேண்டாம். தூக்கமின்றியோ மது அருந்தியோ இருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர்க் கல்லானால் தண்ணீர், எண்ணெய்க் கல்லானால் எண்ணெய், எதுவானாலும் ஈரமாகத்தான் தீட்ட வேண்டும். இதற்குப் பின்னே ஒரு பழைய துயரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் கத்தி, முள்கரண்டி தீட்டிய தொழிலாளர்கள், சுழலும் மணற்கல்லில் உலர்வாகத் தீட்டியதால் கற்தூளைச் சுவாசித்து, நுரையீரல் நோயால் இளம் வயதிலேயே மாண்டார்கள். வீட்டில் வாரம் ஒருமுறை கையால் தீட்டுவதில் அவ்வளவு தூள் வராது. ஆனாலும் மின்சாணை வைத்துத் தொழிலாகத் தீட்டுகிறவர்கள் முகக்கவசமும் கண்காப்பும் இல்லாமல் நிற்கக் கூடாது.

இழுப்பு

வலக்கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறோம், இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளவும். பிடியை வலக்கையில் உறுதியாக, ஆனால் இறுக்கிப் பிடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கூர் உங்களைப் பார்த்திருக்கட்டும். இடக்கையின் இரண்டு மூன்று விரல்களைக் கத்தியின் தட்டைப் பகுதியில், கூருக்கு அருகே, ஆனால் கூரைத் தாண்டாமல் வையுங்கள். விரல்களுக்குக் கீழே உள்ள இடம்தான் தேயும். ஆகவே அடிப்பகுதி, நடு, நுனி என்று விரல்களை மெல்ல நகர்த்திக்கொண்டு போக வேண்டும்.

முதுகு முன்னே போகும் திசையில் மட்டும் அழுத்துங்கள். கூர் உங்களைப் பார்த்திருந்தால் தள்ளும்போது அழுத்தம், திரும்பி வரும்போது வெறுமனே தொட்டுக்கொண்டு வரவேண்டும். மறுபக்கத்திற்குத் திருப்பியதும் கூர் வெளிப்பக்கம் பார்க்கும். அப்போது இழுக்கும்போது அழுத்தம். இப்படிச் செய்தால் கூர் கல்லில் சிக்கிக் குதிக்காது.

அழுத்தம் எவ்வளவு? சமையலறைத் தராசு இருந்தால் கல்லை அதன்மேல் வைத்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் போதும். பெரும்பாலோர் முதன்முறை பார்க்கும்போது மூன்று, நான்கு கிலோ காட்டும். அவ்வளவு அழுத்தினால் மணிக்கட்டு நடுங்கும், கோணம் ஆடும், சறுக்கினால் காயமும் பெரிதாகும். வேகமும் அப்படித்தான். பாசாரில் இறைச்சிக் கடைக்காரர் சரக் சரக்கென்று தீட்டுவதைப் பார்த்து அதைப் பழக வேண்டாம். அவர் அதை ஆயிரக்கணக்கான முறை செய்திருக்கிறார். நீங்கள் ஓர் இழுப்புக்கு இரண்டு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருகிற இடம் நுனியருகே உள்ள வளைவு. மணிக்கட்டைப் பூட்டியபடி நேராகவே போனால், வளைவு வந்ததும் கூர் கல்லைவிட்டு எழும்பிவிடும். அதனால்தான் பல வீட்டுக் கத்திகளில் நடுப்பகுதி கூராகவும் நுனி மொட்டையாகவும் இருக்கிறது. வளைவை அடையும்போது முழங்கையை ஒரு விரலளவு மெல்ல உயர்த்துங்கள். பிடி சற்று எழும்பும். கூர் மறுபடி கல்லைத் தொடும். முதுகின் சாய்வு மாறக் கூடாது, பிடியின் உயரம் மட்டுமே மாற வேண்டும். இது ஒன்றைப் பழகத்தான் நாளாகும். கத்தியைக் கல்லில் வைக்குமுன், மரப் பலகையின்மேல் பத்து முறை வெறுமனே ஓட்டிப் பாருங்கள்.

மைப்பேனா பொய் சொல்லாது

கோணம் மாறுகிறதா என்று கையால் அறிவது கடினம். ஆகவே கத்தியின் சரிவில், கூரின் முழு நீளத்துக்கும், கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிவிடுங்கள். நான்கு இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை சரிவின் மேற்பகுதியில் மட்டும் போயிருந்தால் முதுகைத் தாழ்வாக வைத்திருக்கிறீர்கள். கூரின் விளிம்பில் மட்டும் போயிருந்தால் அதிகமாகத் தூக்கியிருக்கிறீர்கள். சரிவு முழுவதும் மை போயிருந்தால் சரி. ஓரிடத்தில் போய் இன்னோரிடத்தில் நின்றிருந்தால் அந்த இடத்தில் கை ஆடியிருக்கிறது. பெரும்பாலும் அது நுனிப்பக்கமாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்ததும் கத்தியைச் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவ வேண்டும். மை மட்டுமல்ல, கல்லிலிருந்து வந்த கறுப்புச் சேறும் இரும்புத் துகளும் அதில் ஒட்டியிருக்கும்.

பிசிர் வந்ததா?

ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்துவிட்டதற்கு அடையாளம், மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும்புவது. அது முடியைவிட மெல்லிய இரும்புக் கம்பிபோல் கூரின் நெடுகிலும் இருக்கும். இருபது இழுப்பு, முப்பது இழுப்பு என்று எண்ணிக்கை வைப்பதில் பயனில்லை; பிசிர் முழு நீளத்துக்கும் வந்தால்தான் மறுபக்கம் திருப்ப வேண்டும். அந்தப் பக்கமும் பிசிர் வந்ததும், நுண்மையான பக்கத்தில் அதே கோணத்தில், கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்குமாறு, ஒரு பக்கம் ஒன்று மறுபக்கம் ஒன்று என மாறி மாறிப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு. பிசிர் விழுந்துவிடும். சீக்கிரம் விழட்டும் என்று இந்தக் கட்டத்தில் முதுகைத் தூக்குவார்கள். இதுவரை செய்தது வீணாவது இங்கேதான்.

பிசிரை விரலால் பார்ப்பவர்கள், கட்டை விரலை முதுகிலிருந்து கூரை நோக்கி, கூருக்கு வெளியே போகும்படி வழிக்க வேண்டும். கூரின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நெடுநாளாகச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முதலில் கால்களிலும் பிறகு விரல் நுனிகளிலும் உணர்ச்சி குறையலாம். அவர்கள் பிசிரை உணரமாட்டார்கள், வெட்டுப்பட்டதைக்கூட இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அறிவார்கள். இவர்கள் ஒரு சிறு பஞ்சை எடுத்து, முதுகிலிருந்து கூரை நோக்கி இலேசாக வழித்தால் போதும். பிசிர் இருந்தால் பஞ்சின் இழை சிக்கிக்கொள்ளும். விரலுக்குத் தெரியாததையும் பஞ்சு காட்டிவிடும்.

கை நடுக்கம் உள்ளவர்கள், கண்புரை உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் தாங்களே தீட்டாமல் வேறொருவரைத் தீட்டச் சொல்வது நல்லது. அருகே உட்கார்ந்து கோணத்தைச் சொல்லிக்கொடுக்கலாமே!

கூரைச் சோதிக்கத் தாளோ தக்காளியோ போதும். தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே இழுத்தால் சத்தமின்றி வெட்ட வேண்டும். முன்கை முடியைச் சிரைத்துக் காட்டும் வித்தை தேவையில்லை.

அரிவாள்மனை, பாராங், செம்பனை அரிவாள்

அரிவாள்மனையில் கூர் வளைந்து மேல்நோக்கி நிற்பதால் அதைக் கல்லின்மேல் ஓட்ட முடியாது. இங்கே கல்தான் நகர வேண்டும். மனையைச் சுவரோடு அணைத்து நகராதபடி வைத்து, சிறிய கல்லை ஈரமாக்கி, முதுகுப்பக்கத்திலிருந்து கூரை நோக்கி வழித்துக்கொண்டு வாருங்கள். கல்லைப் பிடித்த விரல்கள் கல்லின் விளிம்பைத் தாண்டி நீட்டக் கூடாது. அரிவாள்மனையைக் காலால் மிதித்தபடியே தீட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். காலும் கையும் ஒரே கூருக்கு இருபுறமும் இருப்பது நல்லதல்ல.

பாராங்கை 25 பாகைக்குக் குறையாமல் வையுங்கள். அது கிளை வெட்டுகிற கருவி, அதற்கு மெல்லிய கூர் தாங்காது. செம்பனைக் குலை வெட்டும் அரிவாளின் கூர் உள்வளைவில் இருப்பதால் அங்கும் கல்தான் நகர வேண்டும். நீண்ட கம்பிலிருந்து கழற்றி, தரையில் உறுதியாக வைத்துத் தீட்டுங்கள். தீட்டி முடித்த அரிவாளை உறையிடாமல் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

தீட்டும் கம்பி வைத்திருப்பவர்கள், அதைக் காற்றில் பிடித்து வீசாமல், நுனியை ஈரத் துணியின்மேல் ஊன்றி நேராக நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கத்தியை இழுக்கவும். கோணம் கல்லில் வைத்த அதே கோணம்தான். அந்தக் கம்பி மடங்கிய கூரை நிமிர்த்தும்; தேய்ந்த கூரை மீட்காது.

தீட்டிய அன்று

தீட்டிய கத்தியால் அன்றைக்கே காயப்படுகிறவர்களும் உண்டு. காரணம் எளிது. மாதக்கணக்கில் மொட்டைக் கத்தியை அழுத்தி அழுத்திப் பழகிய கை, இன்றும் அதே பலத்தோடு அழுத்துகிறது. ஆகவே தீட்டி முடித்ததும் வீட்டில் எல்லாரிடமும், "இன்றைக்குக் கத்தி தீட்டியிருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். மாமியாருக்குச் சொல்லி மருமகளுக்குச் சொல்லாமல் விட்டால் பயனில்லை. தீபாவளிக்கு முதல் நாள் ஆட்டிறைச்சி வெட்டும் வீடுகளிலும், ஈப்போவில் தைப்பூச அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்க உட்காரும் தொண்டூழியர்களிடையேயும் கத்தி பல கைகள் மாறும். அங்கே இதை இரண்டு முறை சொல்லலாம்.

சவர்க்கார நுரை நிறைந்த பாத்திரத்தில் கத்தியைப் போட்டு வைக்காதீர்கள். இழுப்பறையில் கரண்டிகளோடு கலந்தும் போடாதீர்கள். கூரும் கெடும், கையும் வெட்டும். கத்தி கீழே விழுந்தால் பிடிக்கப் பாயாமல் காலைப் பின்னுக்கு எடுங்கள்.

வெட்டுப்பட்டால்

ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் காயத்தின்மேல் நேராக அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து அழுத்த வேண்டும். நின்றதா என்று இடையில் திறந்து பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி ஓடும். காப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதையும் வைக்காதீர்கள். கிளினிக்கில் தாதியர் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது உங்களுக்குத்தான் வலி.

பத்து நிமிடத்திற்குப் பிறகும் இரத்தம் நிற்காவிட்டால், காயத்தின் வாய் பிளந்திருந்தால், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால், நுனி மரத்துப்போயிருந்தால் உடனே கிளினிக்கிற்கோ மருத்துவமனைக்கோ போங்கள். மடக்க முடியவில்லை என்றால் தசைநாண் அறுபட்டிருக்கலாம். வெளியே காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. விரல் துண்டாகிவிட்டால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். துண்டு பனிக்கட்டியை நேரடியாகத் தொடக் கூடாது. 999-ஐ அழையுங்கள்.

துருப்பிடித்த கத்தி, மண்பட்ட பாராங், செம்பனை அரிவாள் ஆகியவற்றால் ஏற்பட்ட காயத்திற்கு இழுப்புவாதத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கடைசித் தவணை போட்டு ஐந்தாண்டுக்கு மேலானால் இத்தகைய காயத்திற்கு மறுதவணை தேவைப்படும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களில் சிலர் சிறு வயதில் எல்லாத் தவணைகளையும் போட்டிருக்க மாட்டார்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள், போட்டதாகச் சொல்ல வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் சிறு கீறலையும் தினமும் பார்க்க வேண்டும். சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, மூன்று நாளில் ஆறத் தொடங்காவிட்டாலோ கிளினிக்கிற்கு வாருங்கள். வரும்போது சாப்பிடும் மருந்துகளின் அட்டையையும் எடுத்து வாருங்கள்.